நண்டுக்கு எது சீசன்? அமெரிக்கக் காலண்டர் பாக் விரிகுடாவில் ஏன் செல்லாது?

ஞாயிற்றுக்கிழமை காலை. சென்னை காசிமேடு. கூடை நிறைய நண்டு. எதிரே கையில் போனோடு ஓர் இளைஞர்.

"அக்கா, இப்ப நண்டு சீசன்தானா? சதை இருக்குமா?"

"சதை இல்லாம எங்க போகும் தம்பி? கையில தூக்கிப் பாரு."

தூக்கிப் பார்த்தால் எல்லா நண்டும் ஒரே மாதிரிதான் தெரிகிறது. உடனே போனில் 'ப்ளூ கிராப் சீசன்' என்று தேடுகிறார். பதில் சட்டென வருகிறது: செப்டம்பர், அக்டோபர் மாதங்கள்தான் பெஸ்ட். கையில் இருக்கும் நண்டின் காலும் நீலமாகத்தான் இருக்கிறது. அப்படியானால் அதுவரை காத்திருக்கலாமா?

வேண்டாம். அந்தப் பதில் தப்பில்லை, ஆனால் அது வேறொரு கடலின் வேறொரு நண்டுக்கான பதில். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருக்கும் செசபீக் விரிகுடாவுக்கான காலண்டர் அது. அந்தக் காலண்டரை அப்படியே எடுத்து ராமநாதபுரம் கடலில் மாட்ட முடியாது. ஏன் முடியாது என்று புரிந்துகொண்டால், 'எப்போது பிடிப்பது?' என்பதைவிட முக்கியமான இன்னொரு கேள்வி இருப்பது தெரியும்: 'எந்த நண்டை விடுவது?'

அந்த 'நீல நண்டு' யார்?

அமெரிக்கர்கள் நீல நண்டு என்று சொல்வது 'காலினெக்டஸ் சாபிடஸ்' என்ற இனத்தை. 1896-ல் மேரி ராத்பன் என்ற விலங்கியலாளர் வைத்த பெயர் அது. முதல் சொல்லுக்குக் கிரேக்கத்தில் அழகாக நீந்துவது என்று பொருள். இரண்டாவது சொல்லுக்கு லத்தீனில் சுவையானது என்று பொருள். பெயர் வைக்கும்போதே சாப்பாட்டு நினைப்பு இருந்திருக்கிறது!

தமிழகக் கரையில் கிடைக்கும் நீலக்கால் நண்டு, 'போர்ட்யூனஸ்' என்ற வேறு பேரினத்தைச் சேர்ந்தது. நீண்ட காலம் இதை 'போர்ட்யூனஸ் பெலாஜிகஸ்' என்றே எழுதிவந்தார்கள். 2010-ல் அந்த ஒரே பெயருக்குள் நான்கு இனங்கள் ஒளிந்திருப்பதாக ஆய்வாளர்கள் பிரித்தார்கள். வங்கக் கடல் பக்கத்து நண்டுக்கு 'போர்ட்யூனஸ் ரெட்டிகுலேட்டஸ்' என்ற பெயர் வந்தது. இரண்டு நண்டும் ஒரே குடும்பம். தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் பின்னங்கால் துடுப்பு போலத் தட்டையாக இருக்கும், இரண்டும் நன்றாக நீந்தும். ஆனால் ஒன்று குளிர் அடிக்கும் ஊரில் வாழ்கிறது. இன்னொன்று வருடம் முழுக்க வெதுவெதுப்பாக இருக்கும் கடலில் வாழ்கிறது. சீசன் கணக்கு மாறுவது இந்த இடத்தில்தான்.

செசபீக்கில் மாதம் மாதமாக என்ன நடக்கிறது?

செசபீக் விரிகுடா சுமார் 300 கிலோமீட்டர் நீளம். வடக்கில் மேரிலாந்து மாகாணம், தெற்கில் வர்ஜீனியா. வடக்குப் பக்கம் ஆறுகள் கலப்பதால் உப்பு குறைவு. கடலோடு சேரும் தெற்கு வாய்ப்பகுதியில் உப்பு அதிகம்.

டிசம்பர் முதல் மார்ச் வரை தண்ணீர் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போய்விடும். நண்டுகள் சேற்றுக்குள் புதைந்துகொண்டு அசையாமல் கிடக்கும். சாப்பாடு கிடையாது, வளர்ச்சியும் கிடையாது.

ஏப்ரலில் தண்ணீர் சூடாக ஆரம்பித்ததும் வெளியே வரும். மாதக்கணக்கில் பட்டினி கிடந்த நண்டு, அதனால் எடை இருக்காது. மேரிலாந்தில் ஏப்ரல் 1-ல் சீசன் திறந்தாலும் விஷயம் தெரிந்தவர்கள் அவசரப்படமாட்டார்கள்.

மே மாதம் ஓடு கழற்றும் காலம். நண்டின் ஓடு வளராது. உடம்பு வளர வேண்டுமானால் பழைய ஓட்டைக் கழற்றிவிட்டு, புது ஓடு இறுகும்வரை மெத்தென்று இருந்தாக வேண்டும். ஒரு நண்டு வாழ்நாளில் 20 முறை வரைக்கும், சில சமயம் அதற்கு மேலும் இப்படிக் கழற்றும். அந்தச் சில மணி நேரத்தில் எடுத்தால் ஓட்டோடு சேர்த்து அப்படியே சாப்பிடலாம். மே மாதத்து முதல் பௌர்ணமியை ஒட்டி இது கூட்டமாக நடக்கும் என்பது அந்த ஊர் நண்டுக்காரர்களின் கணக்கு. அமாவாசை, பௌர்ணமி பார்த்து நண்டு வாங்கும் பழக்கம் இந்தப் பக்கம் மட்டும்தான் என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நண்டு ஏராளம். விடுமுறைக் கூட்டமும் ஏராளம். ஆனால் அடிக்கடி ஓடு மாற்றுவதால் பல நண்டுகள் பார்க்கப் பெரிதாக இருக்கும், உடைத்தால் உள்ளே தண்ணீர்தான் இருக்கும். புது ஓட்டின் அளவுக்குச் சதை நிரம்ப நாளாகும்.

செப்டம்பர், அக்டோபரில்தான் ஜாக்பாட். குளிர்காலத்துக்குச் சேமிக்க வேண்டும் என்று நண்டு விடாமல் தின்கிறது. ஓடு மாற்றுவதும் குறைந்துவிடுகிறது. ஆண் நண்டுகள் கனமாக, சதை இறுக்கமாக இருக்கும். இதே மாதங்களில் சினைக்குத் தயாரான பெண் நண்டுகள் உப்பு நீரைத் தேடித் தெற்கே வாய்ப்பகுதிக்குப் பயணம் கிளம்பும்.

போனில் வந்த 'செப்டம்பர், அக்டோபர்' பதிலுக்கு இதுதான் அர்த்தம். குளிர் வரப்போகிறது என்பதால் அந்த மாதங்கள் சிறந்தவை. குளிரே வராத கடலில் அந்தக் காரணமே இல்லை.

சுலபமாகக் கிடைக்கும் மாதம்தான் ஆபத்தான மாதம்

செசபீக் கதையில் சமையலறைக்கு அப்பால் ஒரு பாடம் இருக்கிறது. சுலபமாகப் பிடிபடும் காலம் எதுவோ, நண்டுக்கு அதுவே ஆபத்தான காலம்.

குளிர்காலத்தில் வாய்ப்பகுதிச் சேற்றில் புதைந்து கிடப்பவை பெரும்பாலும் பெண் நண்டுகள். அடுத்த கோடையில் முட்டையிட வேண்டியவை. இந்த இனத்தில் பெண் நண்டு, கடைசி முறை ஓடு கழற்றும்போது ஒரே ஒரு தடவை இணைசேரும். அப்போது கிடைத்த உயிரணுக்களைச் சேமித்து வைத்துப் பிறகு முட்டையிடும். ஒரு முறை வெளிவரும் முட்டைகளே லட்சக்கணக்கில் இருக்கும். வர்ஜீனியாவில் பல பத்தாண்டுகளாக, இரும்புப் பல் வைத்த வாரியால் அந்தச் சேற்றைக் கிளறி, தூங்கும் நண்டுகளை அள்ளினார்கள். நண்டு ஓடாது, கடிக்காது. குளிர்காலத்தில் வேறு வேலை இல்லாதவர்களுக்கு அது சோறு போட்டது.

நண்டு குறைந்துகொண்டே போனது. 2008-ல் அமெரிக்க மத்திய அரசு செசபீக் நண்டுத் தொழிலை 'மீன்பிடிப் பேரிடர்' என்று அறிவித்தது. அதே ஆண்டு மேரிலாந்தும் வர்ஜீனியாவும் சேர்ந்து, பெண் நண்டு பிடிப்பதை 34 சதவீதம் குறைப்பது என்று முடிவெடுத்தன. வர்ஜீனியா குளிர்கால வாரியை நிறுத்தியது. மேரிலாந்தில் பொழுதுபோக்குக்காக நண்டு பிடிப்பவர்கள் பெண் நண்டை வைத்துக்கொள்ளவே கூடாது என்று ஆனது. ஆண் நண்டுக்கும் அளவு உண்டு: சீசன் தொடக்கத்தில் ஓட்டின் அகலம் 5 அங்குலம், ஜூலை நடுவிலிருந்து ஐந்தேகால் அங்குலம்.

பலன் சீக்கிரமே தெரிந்தது. 1990 முதல் ஒவ்வொரு குளிர்காலமும் விரிகுடாவில் சுமார் 1,500 இடங்களில் மாதிரி எடுத்து நண்டுகளைக் கணக்கெடுக்கிறார்கள். அந்தக் கணக்கில் 2012-ல் மொத்தம் சுமார் 76.5 கோடி நண்டுகள் என்று வந்தது.

ஆனால் இது 'தடை போட்டார்கள், நண்டு பெருகியது, சுபம்' என்று முடியும் கதை இல்லை. அடுத்த ஆண்டே எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. 2022-ல் சுமார் 22.7 கோடி. அதுவரையிலான கணக்கெடுப்புகளிலேயே மிகக் குறைவு. 2025-ல் 23.8 கோடி. குட்டி நண்டைத் தின்னும் மீன்கள், வெளியிலிருந்து வந்து பெருகிய நீலக் கெளுத்தி, குறைந்துபோன கடற்புல், கோடையில் ஆக்சிஜன் இல்லாமல் போகும் ஆழப் பகுதிகள் என்று காரணங்கள் பல. விதிகள் எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது. ஆனால் முட்டையிடும் தாய் நண்டுகளைக் கையில் வைத்திருக்கும் ஊருக்கு, மோசமான ஆண்டிலிருந்து எழுந்துவர ஒரு வழி மிச்சம் இருக்கும். தாயையே தின்றுவிட்ட ஊருக்கு அந்த வழியும் இல்லை.

இந்தப் பக்கம் குளிர்காலம் கிடையாது

இப்போது பாக் விரிகுடாவுக்கு வரலாம். மண்டபம், தேவிபட்டினம், தொண்டி, ஜெகதாப்பட்டினம், கட்டுமாவடி, மல்லிப்பட்டினம் என்று நீளும் கரை. ஆழம் குறைந்த, கடற்புல் நிறைந்த, பெரும்பாலும் அமைதியான கடல். நீலக்கால் நண்டுக்கு அது வீடு, பள்ளிக்கூடம் இரண்டும்தான். கடற்புல்லுக்குள்தான் குட்டி நண்டுகள் ஒளிந்து வளர்கின்றன.

இந்தக் கடலில் நண்டு மாதக்கணக்கில் சேற்றுக்குள் தூங்குவதில்லை. சாப்பிடுவதும் வளர்வதும் ஆண்டு முழுவதும் நடக்கிறது. முக்கியமாக, இனப்பெருக்கமும் ஆண்டு முழுவதும் நடக்கிறது. சில மாதங்களில் சினை நண்டு கூடுதலாக வரும், சில மாதங்களில் குறையும். ஆனால் வயிற்றில் முட்டைக்கொத்து வைத்த நண்டே வலையில் ஏறாத மாதம் என்று ஒன்றைச் சொல்ல முடியாது.

அதனால் 'எந்த மாதம் நண்டு பிடிக்க நல்லது?' என்ற கேள்விக்குப் பாக் விரிகுடாவில் காலண்டரைக் காட்டிப் பதில் சொல்ல முடியாது. காற்றும் நீரோட்டமும் பார்த்து எந்த வாரம் வலை நிறையும் என்று மீனவர் சொல்வார். அது அனுபவக் கணக்கு, நிஜமான கணக்கு. ஆனால் எந்த மாதத்தை மூடினால் நண்டு தப்பிக்கும் என்பதற்கு, அப்படி ஒரே ஒரு மாதம் இல்லை என்பதுதான் பதில்.

அப்போ 61 நாள் தடை?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தமிழகத்தின் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். மீன் விலை ஏறும்போது எல்லோருக்கும் ஞாபகம் வரும் 61 நாள். கடலுக்கு அது தேவையான ஓய்வு. தரையைத் தேய்த்துக்கொண்டு போகும் இழுவலைகள் இரண்டு மாதம் நிற்பது நண்டுக்கும் நல்லதுதான்.

ஆனால் தடை விசைப்படகுகளுக்கு. நண்டு வலை விடும் நாட்டுப்படகுகளுக்கு அது பொருந்தாது. பொருந்தவும் கூடாது, சின்னப் படகுக்காரருக்கு இரண்டு மாதம் அடுப்பு எரிய வேண்டும். விளைவு, தடைக்காலத்திலும் சந்தைக்கு நண்டு வரும், அதில் சினை நண்டும் வரும். தடை முடிந்த பிறகு மிச்சம் 304 நாள் இருக்கிறது. அந்த நாட்களில் முட்டையோடு வரும் தாய் நண்டை அந்த 61 நாள் காப்பாற்றாது.

செசபீக்கில் குளிர்காலம் என்று இயற்கையே ஒரு கதவு வைத்திருக்கிறது. அதைப் பூட்டினாலே ஒரு பெரிய பகுதி பாதுகாக்கப்பட்டுவிடும். பாக் விரிகுடாவில் அப்படி ஒரு கதவு கிடையாது. பூட்டை மாதத்தின் மேல் போடாமல் நண்டின் மேல் போட வேண்டும். முட்டைக்கொத்து வைத்திருக்கிறதா, ஒரு முறையாவது முட்டையிடும் அளவுக்கு வளர்ந்திருக்கிறதா என்ற இரண்டு கேள்விகள்தான் அந்தப் பூட்டு.

கூடும் வலையும் ஒன்றல்ல

'சினை நண்டு வந்தால் கடலில் விட்டுவிடுங்கள்' என்று கரையில் உட்கார்ந்து சொல்வது ரொம்ப ஈஸி.

செசபீக்கில் நண்டு பிடிப்பது பெரும்பாலும் கம்பிக் கூடு வைத்து. உள்ளே இரை, நண்டு நுழையும், வெளியே வரத் தெரியாது. கூட்டின் பக்கத்தில் சின்ன வளையம் வைக்க வேண்டும் என்பது விதி. குட்டி நண்டு அதன் வழியாக நழுவிவிடும். கூட்டைத் தூக்கி, வேண்டாததைப் பிடித்து வீசினால் உயிரோடு நீந்திப் போய்விடும். ஐந்து நொடி வேலை.

பாக் விரிகுடாவில் நண்டு வலை தரையை ஒட்டி மதில் போல நிற்கும். நடந்து வரும் நண்டு அதில் மாட்டி, திமிறி, இன்னும் சிக்கிக்கொள்ளும். கரைக்கு வந்ததும் குடும்பமே உட்கார்ந்து ஒவ்வொரு நண்டாகப் பிரித்தெடுக்கும் காட்சியை அந்தக் கரைகளில் பார்க்கலாம். பிரிக்கும்போது கால் ஒடியும், முட்டைக்கொத்து நசுங்கும். அதற்குள் நேரமும் ஆகிவிடும். கரைக்கு வந்து வெயிலில் கிடந்த நண்டை மறுபடி கடலில் போட்டால் எத்தனை பிழைக்கும்?

இது இல்லாமல் இழுவலை தொல்லை வேறு. விசைப்படகுகளும் நாட்டுப்படகுகளும் ஒரே நாளில் மோதிக்கொள்ளக் கூடாது என்றுதான் பாக் விரிகுடாவில் நாள் பிரித்துக் கடலுக்குப் போகும் ஏற்பாடு இருக்கிறது. அப்படியும் நண்டு வலைகள் அறுபடுவது நின்றபாடில்லை. எதிர்க்கரையில் யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்களின் புகாரும் இதுவேதான்: இரவில் விரித்த வலை விடியும்போது இல்லை. வலைக்கு வாங்கிய கடன் மட்டும் அப்படியே இருக்கும். கடனில் இருக்கிற ஒருவரிடம் போய் 'பத்து நண்டைத் திருப்பி விடுங்கள்' என்றால், 'நான் விட்டா அடுத்த படகுக்காரன் பிடிப்பான்' என்பார். அதில் பொய் எதுவும் இல்லை.

அதனால் சுமையை மீனவர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமும் இல்லை, நடக்கவும் நடக்காது. வர்ஜீனியாவில்கூட குளிர்கால வாரியை நிறுத்தியபோது, வருமானம் இழந்தவர்களை அப்படியே விட்டுவிடவில்லை. பேரிடர் நிவாரண நிதியிலிருந்து அவர்களுக்குச் சம்பளம் கொடுத்து ஒரு வேலை தந்தார்கள்: கடலடியில் கைவிடப்பட்டு, யாரும் எடுக்காமலே நண்டுகளைக் கொன்றுகொண்டிருந்த பழைய கூடுகளைத் தேடி எடுப்பது. சில குளிர்காலங்களில் 34,000-க்கும் மேற்பட்ட கூடுகள் வெளியே வந்தன. நண்டு பிடிக்கத் தெரிந்தவருக்குத்தான் நண்டுக் கூடு எங்கே கிடக்கும் என்று தெரியும். அந்த அறிவுக்குக் கூலி கிடைத்தது.

விட்டுவிடாமலே காப்பாற்ற முடியுமா?

முடியும். அதற்குத் தாய்லாந்து மீனவ கிராமங்களில் 'நண்டு வங்கி' என்று பெயர். முட்டைக்கொத்தோடு வரும் நண்டை மீனவர் வங்கியில் 'டெபாசிட்' செய்கிறார். தொட்டியிலோ கடலில் கட்டிய கூண்டிலோ அதை வைத்திருக்கிறார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் மஞ்சள், ஆரஞ்சு நிற முட்டைகள் ஒரு வாரம், பத்து நாளில் கறுத்து, பொரித்துவிடும். குஞ்சுகள் கடலுக்குப் போகும். தாய் நண்டு விற்பனைக்குப் போகும்.

இதில் மீனவர் நண்டை இழக்கவில்லை, சில நாள் தள்ளிப்போட்டார், அவ்வளவுதான். பொரித்த லட்சங்களில் பெரும்பகுதி மீனுக்கு இரையாகும் என்பது உண்மை. ஆனால் சட்டியில் போன முட்டைக்கொத்தில் பிழைக்கும் குஞ்சு பூஜ்யம். பூஜ்யத்தோடு ஒப்பிட்டால் எதுவும் லாபம்.

இந்தோனேசியா வேறு வழியைப் பிடித்தது. 2015-ல் சினை நண்டைப் பிடிக்கக் கூடாது, ஓட்டின் அகலம் 10 செ.மீ.க்கு மேல் இருக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. கேரளாவிலும் 58 கடல் இனங்களுக்குக் குறைந்தபட்ச அளவு நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. கண்காணிப்பு எளிதில்லை, மீறல்களும் உண்டு. ஆனாலும் விதி என்று ஒன்று வந்துவிட்டால், வியாபாரி தராசில் போடும் முன் அளவுகோலை எடுக்க வேண்டிய நிலை வருகிறது.

வீட்டையும் மறக்க முடியாது. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. இந்தியாவின் முதல் கடல்பசுப் பாதுகாப்பகம் அது. கடல்பசுவுக்காகக் காக்கப்படும் அதே கடற்புல்தான் குட்டி நண்டின் தொட்டில். அந்தப் புல்லின் மேல் இழுவலை ஓடாமல் பார்த்துக்கொள்வது, எந்த நண்டுக் குஞ்சுப் பொரிப்பகத்தைவிடவும் மலிவான முதலீடு.

பந்து வாங்குபவர் பக்கம்தான்

தமிழகத்து நீலக்கால் நண்டில் கணிசமான பங்கு உள்ளூர் சட்டிக்கே வருவதில்லை. ராமநாதபுரம், தூத்துக்குடி பக்கங்களில் பெண்கள் வேகவைத்த நண்டிலிருந்து கையால் சதை பிரிக்கிறார்கள். அது டப்பாவில் அடைபட்டு அமெரிக்கா போகிறது. செசபீக்கில் நண்டு குறையக் குறைய, அங்கே ஆசிய நண்டுச் சதைக்கு மவுசு கூடியது. 2015-ல் ஓசியானா என்ற கடல் பாதுகாப்பு அமைப்பு, உள்ளூர் நீல நண்டு என்று சொல்லி அந்த வட்டாரத்தில் விற்கப்பட்ட 'கிராப் கேக்'குகளை மரபணுச் சோதனை செய்தது. 38 சதவீதத்தில் இருந்தது வேறு நண்டு, பெரும்பாலும் ஆசியக் கடல்களிலிருந்து போன நண்டு.

ஆக, ஒரு கடலில் நண்டு குறைந்தால் பசி குறைவதில்லை. அது அடுத்த கடலுக்குப் போகிறது. அடுத்த கடலும் தளர்ந்தால் அதற்கடுத்த கடல். பாக் விரிகுடா வரிசையில் நிற்கும் ஒரு கடல். இந்தத் தொழிலில் வலை விடுபவர், நண்டு பிரிப்பவர், சதை எடுப்பவர், ஐஸ் அடிப்பவர் என்று பல குடும்பங்கள் உட்கார்ந்திருக்கின்றன. நண்டு போனால் ஏற்றுமதி நிறுவனம் வேறு நாட்டைப் பார்க்கும். தொண்டியில் சதை எடுக்கும் பெண்ணுக்கு வேறு நாடு இல்லை.

எனவே முதல் கேள்வி கேட்கப்பட வேண்டிய இடம் ஏற்றுமதி நிறுவனங்களின் வாசல். சின்ன நண்டையும் சினை நண்டையும் வாசலிலேயே திருப்பி அனுப்பினால், அந்தச் செய்தி மறுநாளே படகுக்குப் போய்ச் சேரும். இரண்டாவது இடம் அரசு. பெரிய கண்ணி வலைக்கு மானியம், ஊருக்கு ஒரு நண்டு வங்கி, டெபாசிட் செய்த நண்டுக்கு அன்றைக்கே முன்பணம். மூன்றாவது இடம் ஞாயிற்றுக்கிழமைக் கூடை.

கூடையில் என்ன பார்க்கணும்?

மாதத்தை மறந்துவிட்டு நண்டைத் திருப்பிப் பார்த்தால் போதும்.

ஆணா, பெண்ணா: வயிற்று மூடி ஒடுக்கமாக, முனை கூர்ந்து இருந்தால் ஆண். அகலமாக, வட்டமாக இருந்தால் வளர்ந்த பெண். நீலக்கால் நண்டில் நிறமே சொல்லிவிடும்: பளிச்சென்று நீலம் என்றால் ஆண், பெண் பெரும்பாலும் பழுப்புப் பச்சை.

சதை இருக்கிறதா: ஒரே அளவு நண்டு இரண்டைக் கையில் வைத்துப் பார்த்தால் கனமானது நல்லது. வயிற்று ஓட்டை அழுத்தும்போது அமுங்கினால் அது புதிதாக ஓடு மாற்றிய நண்டு, உள்ளே சதை நிரம்பியிருக்காது. வயிறு பளபளவென்று வெள்ளையாக இருப்பதைவிட, கொஞ்சம் மங்கி, பழசாக இருந்தால் நல்லது. இந்தச் சோதனை செசபீக்கிலும் செல்லும், காசிமேட்டிலும் செல்லும்.

முட்டைக்கொத்து: வயிற்று மூடிக்கு வெளியே பஞ்சுபோலப் பிதுங்கி நிற்பதுதான் சினை. ஓட்டுக்குள்ளே இருக்கும் ஆரஞ்சு நிற முட்டைக் கட்டி வேறு, பலர் ருசித்துத் தேடுவது அதைத்தான். வெளியே பிதுங்கும் கொத்தைப் பல வீடுகளில் கழுவும்போதே பிய்த்துப் போட்டுவிடுவார்கள். அதாவது குப்பைக்குப் போகும் எடைக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கப்படுகிறது. பணக் கணக்கிலும் அது நஷ்டம். உள்முட்டை வைத்த பெண் நண்டைச் சாப்பிடுவதும் அடுத்த தலைமுறையைக் கொஞ்சம் குறைக்கத்தான் செய்கிறது. அதனால் கிடைக்கும்போதெல்லாம் பெரிய ஆண் நண்டைத் தேர்ந்தெடுப்பது நல்லது. வாய்க்கும் குறைவிருக்காது, பெரிய கால்களில் சதையும் கூடுதல்.

அளவு: உள்ளங்கையைவிட ரொம்பச் சின்னதாக இருந்தால் வேண்டாம். குழம்பு வாசனைக்கு என்று குட்டி நண்டை கிலோ கணக்கில் அள்ளுவது, அடுத்த வருடத்து நண்டை இந்த வருடமே சாப்பிடுவதுதான்.

கூடைக்கார அக்கா, "இந்தா தம்பி, சினை நண்டு, ருசியா இருக்கும், ரெண்டு போட்டுக்கவா?" என்று கேட்கும் நேரம் வரும். அவர் விற்பது கிராக்கி இருப்பதால்தான், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. "வேணாம்க்கா, பெரிய ஆண் நண்டா பாத்துப் போடுங்க" என்று நாலு பேர் சொன்னால் அடுத்த வாரம் அந்தக் கூடையில் சினை நண்டு குறையும். நாற்பது பேர் சொன்னால் ஏலத்தில் அதன் விலை இறங்கும். விலை இறங்கினால், கரையில் வலை பிரிக்கும் குடும்பத்துக்கு அந்த நண்டைத் தொட்டியில் விட ஒரு காரணம் கிடைக்கும்.

செசபீக்கில் சீசனைத் தீர்மானிப்பது குளிர். இந்தப் பக்கம் அதைத் தீர்மானிக்க வேண்டியது வாங்குபவர். ஒவ்வொரு ஞாயிறும், கூடைக்கு முன்னால், இரண்டே நிமிடத்தில்.